அடுப்பை அணைத்த சத்தம்

சிவகாசியில் ஒரு வெடிக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை எனக்கு. ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வெளியே பாய்ந்துவிட வேண்டும் என்று அங்கே முதல் நாளே சொல்லிவிடுவார்கள். எட்டு வருஷமாக அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

தீபாவளி ஆர்டர் முடிந்ததும் சம்சாரத்தையும் இரண்டு வயது மகளையும் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனேன். துறைமுகத்தைக் கடலிலிருந்து பார்க்கலாம் என்று ஒரு வள்ளத்தில் ஏறினோம். கப்பல்களைப் பார்த்து மகள் என் மடியில் கைதட்டிக்கொண்டிருந்தாள். கரை நெருங்கும்போது படகுக்காரர் சோறு பொங்கிய அடுப்புக் கங்கில் தண்ணீரை ஊற்றினார். ‘உஸ்’ என்றது. மகளை உதறிவிட்டுக் கடலில் பாய்ந்துவிட்டேன். எனக்கு நீச்சலும் தெரியாது.

படகுக்காரர் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி வள்ளத்துக்குள் போட்டார். “என்ன அண்ணாச்சி, அடுப்ப அணைச்சதுக்கா குதிச்சீக?” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். பலகையில் மோதி மகளின் நெற்றி கிழிந்திருந்தது. முந்தானையால் அதை அமுக்கிக்கொண்டு சம்சாரம் சொன்னாள்: “வெடி ஆபீஸா இருந்தா எங்க ரெண்டு பேரையும் எரிய விட்டுட்டுப் போயிருப்பீக.”

இப்போதெல்லாம் எங்கே போனாலும் அவர்களைத்தான் வாசல் பக்கம் உட்கார வைக்கிறேன். ஆனாலும் மகளை என் மடியில் உட்கார சம்சாரம் விடுவதில்லை.