மூன்று நாள் சிவந்த குழாய்

திருத்தணி ஆஸ்பத்திரி லேபில் நான் சேர்ந்த முதல் வருஷம். அம்மையார்குப்பத்து நெசவாளர் வீட்டுப் பெண் சரோஜா, பிரசவமாகி இருபதாம் நாள் வந்தாள். அவளுடைய சிறுநீரை, சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசலில் சேர்த்துச் சூடாக்கினேன். நீலம் மஞ்சளானது. மறுநாள் ஆரஞ்சு. மூன்றாம் நாள் செங்கல் சிவப்பு.

"சுகர்தான். இன்சுலின் ஆரம்பிச்சுடலாம்," என்றார் டாக்டர்.

ரத்தச் சர்க்கரை பார்க்கும் ரசாயனம் தீர்ந்து, சாம்பிள் சென்னைக்குப் போயிருந்தது. சுகர்காரர்களின் தாகமும் அவளிடம் தெரியவில்லை. "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்," என்றேன்.

மாமியார் நாகம்மா முதல் நாளே தாய்ப்பாலை நிறுத்திவிட்டார். "சக்கர வியாதிப் பாலு. புள்ளைக்கும் ஒட்டிகினா? இவ அம்மா வூட்ல மறைச்சு இல்ல கட்டிக் குடுத்துட்டாங்க!"

புட்டிப்பால் ஒத்துக்கொள்ளாமல் குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது.

1. யாரை நம்புவது

கரைசல்: வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தேன், நீலமாகவே இருந்தது.
பாட்டில்: நானே கழுவிக் கொடுத்தது.
நாகம்மா: சந்தேகப்பட்டேன். ஆனால் டீக்குப் போடும் சர்க்கரையைக் கலந்திருந்தாலும் பெனடிக்ட் சிவக்காது.

கடைசியாகத்தான் சரோஜாவையே கேட்டேன்.

"சுகருன்னு சோறே குடுக்கலீங்க. கூழு அரை டம்ளரு. மாரு கல்லாட்டம் கட்டிகினு வலிக்குது."

பால் கொடுக்கும் தாய்க்கு, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை சில நாள் லேசாகச் சிறுநீரில் இறங்குவதுண்டு; பால் தேங்கினால் அது ரத்தத்தில் கலந்து நிறையவே இறங்கும். பெனடிக்ட் அதற்கும் சிவக்கும்.

2. பேக்கரி ஈஸ்ட்

பஜார் பேக்கரியில் ஈஸ்ட் வாங்கிவந்து இரண்டு குழாய்களில் போட்டேன். ஒன்றில் குளுக்கோஸ் தண்ணீர், மற்றதில் சரோஜாவின் சிறுநீர். சாயங்காலத்துக்குள் முதல் குழாய் நுரைத்துப் பொங்கியது. இரண்டாவது அசையவில்லை.

"ஏம்மா, இதுல இன்னா தெரியுது?" நாகம்மா குழாயை முறைத்தார்.

"வியாதிக்காரங்களுக்கு இறங்கறது குளுக்கோஸ், ஒத்தை இழை. ஈஸ்ட் அதைத் தின்னுடும். இது பால் சர்க்கரை, ரெண்டு இழை சேர்ந்த முறுக்கு நூல் மாதிரி. ஈஸ்ட்டால முறுக்கைப் பிரிக்க முடியாது. உங்க பேரன் வயித்தால முடியும்."

"அப்போ இவளுக்கு வியாதி இல்லியா?"

"இல்லீங்க. நீங்க நிறுத்தின பால்தான் இங்க வந்து நிக்குது."

டாக்டர் இன்சுலின் சீட்டைக் கிழித்தார். நாகம்மா இன்னும் நம்பாத முகத்தோடுதான் குழந்தையை சரோஜா மடியில் வைத்தார். நான்காம் நாள் குழாய் நீலமாகவே நின்றது. சென்னையிலிருந்து ரத்த ரிப்போர்ட்டும் நார்மல் என்றே வந்தது.

முதல் நாள் ரிப்போர்ட்டில் 'சர்க்கரை உண்டு' என்று எழுதியது நான்தான். அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் பால் நின்றது. இப்போதெல்லாம் எந்தச் சர்க்கரை என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவதில்லை.