மைக் சோதனைக்குப் பத்து விநாடி

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த லேப்டாப் சர்வீஸ் கடை. பழுது பார்ப்பவர்கள் இரண்டு பேர். அவர்கள் முடித்துக் கொடுப்பதைச் சோதித்து, அடிப்பக்கத்தில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அதில் கையெழுத்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான். என் கையெழுத்து இல்லாமல் எந்த மெஷினும் படியிறங்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அதை மீறும் உரிமையையும் அவரே வைத்திருந்தார்.

எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அதனால் இந்த வேலை எனக்குப் பொருந்திப்போயிற்று. விசைப்பலகையில் ஒரு விசை விடாமல் அமுக்குவேன். மூடியை இருபது தடவை திறந்து மூடுவேன். காதோரம் வைத்து மெல்லக் குலுக்குவேன். உள்ளே ஸ்க்ரூ ஏதாவது கழன்று கிடந்தால் சத்தம் கேட்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அடியில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன்.

கடைசியில்தான் மைக். பத்து விநாடி பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டு, அழித்துவிட வேண்டும். ஆரம்பத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மெஷினிடம் எண்ணினால் யாருக்கும் அலுத்துப்போகும். பிறகு மனதில் இருப்பதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ரயில் தாமதமானது, மாமியாரின் முட்டுவலி, கடையில் தண்ணீர் வராத குழாய், எல்லாம் சொல்வேன். மலையாளம் பேசும் கடைக்குள் தமிழ் எனக்கு ஒரு தனி அறை என்று நினைப்பு. சினிமா பார்த்தே அவர்கள் எல்லாரும் தமிழைக் கற்றுவைத்திருக்கிறார்கள் என்பதை வசதியாக மறந்துவிடுவேன். எப்படியும் அழிக்கத்தானே போகிறோம் என்ற தைரியம் வேறு.

அந்தச் சனிக்கிழமை கடையில் ஒரே நெரிசல். எல்லாருக்கும் மதியத்துக்குள் வேண்டும். ஒரு மணி நேரம் ஓடவிடுவதைப் பத்து நிமிடமாகக் குறைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. ஐந்தாவதாக என் மேஜைக்கு வந்தது வலியசாலை அக்ரகாரத்துப் பெண்மணி ஒருவரின் மெஷின். ஃபேன் மாற்றியிருந்தது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், காலையிலிருந்தே கவுண்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு விட்ட வேலையைப் பதினொரு வருடம் கழித்து மறுபடி தேடுகிறாராம். இணையத்தில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று, திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மாதிரிப் பாடம் எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறது. இதை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. பதிவை அழுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: “இது அஞ்சாவது மெஷின். ஒண்ணைக்கூட ஒழுங்காப் பாக்கல. கையெழுத்து மட்டும் போட்டுட்டு இருக்கேன். இந்தாளு கடையை இழுத்து மூடினாத்தான் புத்தி வரும்.” நிறுத்தியதுதான் தாமதம், பின்னாலிருந்து முதலாளியின் கை நீண்டது. “மதி மோளே, மதி. பாத்தது போதும். எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க” என்றபடி மெஷினை எடுத்துக்கொண்டார். நான் சோதனைத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து, ஸ்டிக்கரில் கையெழுத்தும் போட்டேன். அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மாலை வீடு திரும்பும் பாசஞ்சர் ரயிலில் நெய்யாற்றின்கரை தாண்டும்போதுதான் உறைத்தது. நான் அழிக்கவில்லை. பதிவு செய்தது முகப்புத் திரையிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மெஷினைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடம். அந்த அம்மா தமிழ்க்காரர், ஒரு வார்த்தை தப்பாமல் புரியும். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். முதலாளியைப் பற்றிச் சொன்னது அதற்கு மேல். கடைக்கு வந்து அதைப் போட்டுக் காட்டினால் அன்றைக்கே என் வேலை போய்விடும். டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் அலைந்து கிடைத்த வேலை.

ஞாயிறு முழுவதும் சோறு இறங்கவில்லை. சர்ச்சில் ஆராதனைக்கு முன்னால் யாரோ மைக்கைத் தட்டி “ஹலோ, ஹலோ” என்றபோது எழுந்து வெளியே போய்விட்டேன். வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். தலைவலி என்று சொல்லி மாத்திரையும் விழுங்கிவைத்தேன். இந்நேரம் திறந்திருப்பாரா, திறந்தாலும் அதை அழுத்திப் பார்ப்பாரா என்று மணிக்கு ஒரு தரம் கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, முதலாளி வருவதற்குள், பழுது விவரம் எழுதிவைக்கும் ஜாப் கார்டிலிருந்து அந்த அம்மாவின் நம்பரை எடுத்துக் கூப்பிட்டேன். சர்வீஸ் திருப்தியா என்று விசாரிப்பதுபோல் ஆரம்பித்தேன். ஃபேன் சத்தமே இல்லை, ரொம்ப நன்றி என்றார். புதிதாக ஏதாவது ஃபைல் கண்ணில் பட்டதா என்று கேட்டேன். அதையெல்லாம் பார்க்க நேரமில்லை, சனிக்கிழமையிலிருந்து பாடத்தைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன் என்றார். அப்படியானால் கேட்கவில்லை. எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. சின்னதாக ஒரு சோதனை பாக்கி, இன்றைக்கு வீட்டுக்கே வந்து முடித்துக் கொடுக்கிறேன் என்றேன். பதினொரு மணி விஷயத்தை நினைவூட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் வரச் சொன்னார். நான் சரி என்று போனை வைத்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டோ பிடித்து வலியசாலை போனேன். கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டு, உள்ளே கூட்டிப்போனார். நல்ல புடவை கட்டியிருந்தார். சுவரோரம் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, அதில் பின்னங்களை விளக்க வட்டங்கள் போட்டு வண்ணம் தீட்டியிருந்தார். மெஷின் மேஜைமேல் மூடிக் கிடந்தது. அவர் முகம் சரியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கேட்டுவிட்டார் போலிருக்கிறது என்றுதான் அப்போதும் என் புத்தி போயிற்று.

திறந்தேன். முகப்பிலேயே இருந்தது, பத்து விநாடிக் கோப்பு. தண்ணீர் கேட்டு அவரை உள்ளே அனுப்பிவிட்டு, சத்தத்தைக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் வைத்து, கோப்பை ஓடவிட்டேன். ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. பதிவின் கோடு முதலிலிருந்து கடைசிவரை ஒரு நெளிவில்லாமல் படுத்துக் கிடந்தது. நான் பேசியதில் ஒரு எழுத்துகூட அதில் ஏறியிருக்கவில்லை. தப்பித்தேன், தப்பித்தேன் என்று மனம் குதித்தது. எழுதவே கூசுகிறது, அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தண்ணீரை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“அந்தக் கம்பெனிக்காராளுக்கு நான் பேசினது ஒரு வார்த்தை கேக்கலை. மூணு வாட்டி லைனை விட்டு வெளியில போயிட்டு உள்ள வந்தேன். கேக்கலை, கேக்கலைன்னே சொல்லிண்டிருந்தா. போன்ல பேசறேன்னு கெஞ்சிப் பாத்தேன். நேரம் முடிஞ்சுடுத்துன்னு வேற யாரையோ கூப்பிட்டுட்டா.”

என் சந்தோஷம் அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று. ஃபேனை எடுக்கும்போது கழற்றிய மைக் கேபிளைத் திரும்ப மாட்டாமல் மூடியிருக்கிறார்கள். பதிவைப் போட்டுக் கேட்டிருந்தால் சனிக்கிழமையே தெரிந்திருக்கும். நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டதாக டிக் அடித்திருந்தேன்.

அவர் மெஷினைத் திருப்பி, அடியிலிருந்த பச்சை ஸ்டிக்கரைக் காட்டினார். “இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே? மைக்கைப் பாத்தேளா?”

பொய் சொல்ல வாய் வரை வந்தது. “பாக்கல” என்றேன். “பாத்ததா எழுதிட்டேன்.”

அவர் பலகையிலிருந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ காலம்பற எதுக்கு போன் பண்ணினேள்?” என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஒன்பது மணிக்கு நான் பேசியபோது அவருக்கு முழுதாக இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. மைக்கில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

“எனக்காகத்தான் பண்ணினேன்” என்றேன்.