மேல் தண்ணீர்

எங்கள் மகளுக்கு எட்டு மாதமானபோது, தீவில், தாராபுரத்து வீட்டுக் கிணறு உவர்க்கத் தொடங்கியது. குளிப்பாட்டினால் அவளுடைய தொடையெல்லாம் சிவக்கும், வீரிட்டு அழுவாள். இப்படியே போனால் நானும் அவளும் பெருநிலத்தில், முருங்கனில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவது, கணவர் வேலைக்காக இங்கே தனியே இருப்பது என்று பேசியாயிற்று. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"கிணத்தை இன்னும் ஆழமாக்குங்கோவன்," என்றார் அம்மா தொலைபேசியில். முருங்கனில் அதுதான் வழக்கம். தீவில் அப்படிச் செய்தால் குடி கெட்டது. இங்கே மணலுக்குள் மழைத் தண்ணீர் கடல் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. தோண்டத் தோண்ட உப்புத்தான் வரும். நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். ஏன் மிதக்கிறது என்று கரும்பலகை நிறைய எழுதுவேன். என் கிணற்றை என்ன செய்வது என்று மட்டும் எழுதத் தெரியவில்லை.

கணவர் நீர் வழங்கல் பொறியியலாளர். ஒரு சனிக்கிழமை, கிணற்றுக்குள் இறங்கும் குழாயை உயர்த்தி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கக் கட்டினார். பெரிய மோட்டாரைக் கழற்றிச் சிறியதைப் பூட்டினார். வேகமாக இழுத்தால் அடியிலுள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடுமாம்; இனி விட்டுவிட்டுத்தான் இறைக்க வேண்டுமாம்.

"நல்ல தண்ணி எவ்வளவு ஆழத்துக்கு இருக்கெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"பிறகு எப்படிச் சரிவருமெண்டு சொல்லுறீங்கள்?"

"சரிவருமெண்டு நான் சொல்லேல்லையே. இது பிழைச்சால் மாத்திக் கட்டலாம். ஆழமாக்கிப் பிழைச்சால் ஒண்டும் செய்யேலாது."

எனக்குக் கோபம் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிறுத்துவதுதான் நான் கற்ற ஒழுங்கு. அவருக்கோ அந்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. எது உண்மை என்று நான் கேட்கிறேன். பிழையாய்ப் போனால் யாருக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கிறார். இரண்டும் அறிவுதான். வீட்டில் சண்டை வர அது போதும்.

அடுத்த கிழமை தண்ணீரைப் பரிசோதித்தேன். உப்புக் குறைந்திருந்தது. ஒரு பரிசோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றேன்.

"ஓம்," என்றார், பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசினில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. மகளை மெதுவாக அதற்குள் இருத்தினார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீரைக் கையால் அடித்து விளையாடினாள், அழவில்லை.

அவளைத் துவட்டத் துவாய் எடுக்கத் திரும்பியபோதுதான் கதவுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கான் நிறையத் தண்ணீரைக் கண்டேன்.

"இது எதுக்கு?"

"பெருநிலத்தில, உயிலங்குளத்தில போய் நல்ல தண்ணி அள்ளினனான். பிள்ளை அழுதால் உடன கழுவ."

அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஓர் அன்பு வந்தது. நான் சந்தேகத்தை வாயால் சொல்லிக்கொண்டே திரிந்தேன். அவர் அதை மோட்டார்சைக்கிளில் கட்டிச் சுமந்து வந்திருந்தார்.