மூங்கில் பூச்சியை இனம் கண்ட டிஸ்பென்சர் ஐயா

லுணுகலைக் கடைத்தெருவுக்குப் போய்வந்த என் மகள், லயத்து வீட்டு வாசலிலேயே சாமானைப் போட்டுவிட்டு அழுதாள். "அப்பா, நம்ம டிஸ்பென்சர் ஐயா பதுளையில தவறிட்டாராம்." எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துசாலையை நெடுங்காலம் பார்த்தவர் அவர். கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தபோது எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாகச் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, கோயில் உபதேசியார் எழுதுகிறார். சொன்னபடியே எழுதட்டும்.

மருந்து கொடுத்த நேரம் போக அவருக்குச் செதில்பூச்சிதான் உலகம். இலையிலும் பட்டையிலும் ஓடு மூடி ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கிற பூச்சி அது. "ஓட்டைப் பார்த்து ஏமாறாதே, உடம்பைப் பாரு" என்பார். எனக்கு ஒரு கால் ஊனம். மலையேற முடியாததால், ஆற்றோர மூங்கிலை வெட்டிக் கொழுந்துக் கூடை முடைந்து பிழைத்தேன். ஒருநாள் மூங்கிலில் பச்சைப் பொட்டுகளாக ஏதோ ஒட்டியிருந்தது. அவரிடம் கொண்டுபோனேன். ஊசியால் நெம்பி எடுத்தார், காரத்தில் காய்ச்சினார், கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பல நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"சவரிமுத்து, ஓரத்தைப் பாருய்யா. கண்ணாடி இழையில குஞ்சம் கட்டின மாதிரி இருக்கா?"

"இருக்குங்க ஐயா. கல்யாணப் பந்தல் மாதிரி."

"இது காப்பியை அழிச்ச பச்சைப்பூச்சி இல்ல. வேற குடும்பம். அதிகம் பேருக்குத் தெரியாத குடும்பம். மூங்கிலை விட்டா இதுக்கு வேற சோறு இறங்காது."

தோட்டத்தை நடத்தும் பெரியதுரை கண்ணிலும் அது பட்டுவிட்டது. தேயிலைக்கு முன் இங்கிருந்த காப்பித் தோட்டங்களைப் பச்சைப்பூச்சி கருக்கியதைக் கண்டவர்கள் நாங்கள். பச்சையாக ஒரு செதிலைப் பார்த்தாலே துரைக்கும் நடுக்கம், கங்காணிக்கும் நடுக்கம். மூங்கில் புதரருகே நின்று துரை கேட்டார்: "டிஸ்பென்சர், இது தேயிலைக்கு வருமா?"

ஐயா பூச்சியைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சொல்ல முடியாதுங்க தொரை."

"வராதுன்னு சொன்னீங்களே ஐயா!" என்றேன்.

"நீ கூடைக்காரனா, பூச்சி டாக்டராடா?" என்றார் பெரிய கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் புதரையே கொளுத்தினார்கள். அதற்குமுன் பூச்சி நிறைந்த ஒரு கழியைத் தமக்கு வெட்டித் தரச் சொன்னார் ஐயா. என் கத்தியால் நானே வெட்டிக் கொடுத்தேன். பிறகு மருந்துசாலைக்குப் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் வராதுன்னு சொல்லி, நாளைக்கு ஒரு செடி வாடினா என் வேலை போயிடும்யா. தப்பா எடுத்துக்காதே."

அவர் வேலை இருந்தது. முடைய மூங்கில் இல்லாத என்னை மறுநாளே பெரட்டில், விடியலில் ஆள் எண்ணும் வரிசையில் நிற்கவைத்து, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலோடு ஏறினேன்.

வருடங்கள் கழித்துப் பதுளைக் கடைவீதியில் என்னைக் கண்டு ஓடிவந்தார். "சவரிமுத்து! நம்ம பூச்சி தனிக் குடும்பந்தான்னு சீமையிலயே ஒத்துக்கிட்டாங்கய்யா!" என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அப்போ அந்த மூங்கில், ஐயா?"

"எந்த மூங்கில்?" என்றார்.

காய்ச்சலில் கிடந்த என் மகளுக்குக் கொயினா கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பிழைக்கவைத்தவரும் அவர்தான். அவள் மெழுகுதிரி ஏற்றுகிறாள், ஏற்றட்டும். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது 'எந்த மூங்கில்?' என்ற அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்டபோது அவர் முகத்தில் பொய் இல்லை. உண்மையாகவே மறந்திருந்தார். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.