நத்தம் போகாத கார்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கியது நான் என்றாலும் காரணம் மனைவி. நத்தத்தில் அவளுடைய அம்மா தனியாக இருந்தார். கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டியிருந்தேன்.

அந்தக் கார் வார நாட்களில் சாவியைத் திருகியதும் உறுமும். நான் ஆபீஸ் போகவும், தாடிக்கொம்பில் துக்கம் கேட்கப் போகவும் சலிக்காமல் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை மனைவி பூ வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தால் மட்டும், பெரும்பாலும், சத்தமே காட்டாது.

எனக்கு இயந்திரங்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் பானெட்டைத் திறந்து வைத்து பேட்டரி முனைகளைத் தேய்த்தேன், பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன், பெட்ரோலில் கலப்படம் என்று தெருவுக்கே பாடம் எடுத்தேன். மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால், அவர் கை வைத்ததும் கிளம்பி என் மானத்தை வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளிவிட வருவார்கள். தள்ளினால் கிளம்பும்தான். ஆனால் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நானே பொறுப்பான குடும்பத் தலைவனாகப் பயணத்தை ரத்து செய்துவிட்டு, மதியம் சாப்பிட்டு நன்றாகத் தூங்குவேன்.

மாமியார் என்னிடம் நேராகப் பேச மாட்டார். மகளிடம் சொல்வதுபோல் என் காதில் விழவைப்பார். ஒருமுறை எப்படியோ போய்ச் சேர்ந்தபோது, "மாப்ளைக்கு இங்க வரணும்னா மட்டும் காருக்குக் காய்ச்சல் வந்துருது போல" என்றார். மனைவி சிரிக்கவில்லை. அவளும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்யும் நாள் வந்தது. நாங்கள் நத்தம் போய், அவரைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டும். வீட்டைப் பூட்டினேன். திண்டுக்கல்காரன் வீட்டைப் பூட்டுவது சின்ன வேலை இல்லை. கிரில், முன்கதவு, கொல்லைக் கதவு மூன்றுக்கும் உள்ளங்கை அகலத்தில் எங்கள் ஊர்ப் பூட்டு. பூட்டியபின் பிடித்துத் தொங்கிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். விரல் நீளச் சாவிகள் மூன்றையும், தொலைந்துவிடக் கூடாதே என்று, வழக்கம்போல் கார்ச் சாவி வளையத்தில் கோர்த்துக்கொண்டேன். உட்கார்ந்து திருகினேன். கார் கம்மென்று இருந்தது.

மனைவி ஒன்றும் கத்தவில்லை. "வீட்டுச் சாவியக் குடுங்க. நான் பஸ்ல போறேன்" என்றவள், வளையத்திலிருந்து மூன்றையும் தானே கழற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நான் சும்மா இன்னொரு தரம் திருகிப் பார்த்தேன். கிளம்பிவிட்டது.

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் பறந்தேன். பஸ்ஸை முந்திக்கொண்டு நத்தம் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இறங்கியவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் இத்தனை நாளும் நடித்திருக்கிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டது அப்போதுதான் புரிந்தது. மாமியாரை ஏற்றிக்கொண்டு திரும்பிய வழியெல்லாம் அவள் அம்மாவோடு பின்சீட்டிலேயே உட்கார்ந்து வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ஒற்றைக் கண்ணில் கட்டோடு மாமியாரைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். மனைவி வீட்டுச் சாவிகளை என்னிடம் நீட்டினாள். கோர்த்தேன், திருகினேன். சத்தமில்லை. கழற்றினேன், திருகினேன். உறுமியது. மறுபடி கோர்த்தேன். மறுபடி மௌனம். சாவி போடும் சுவிட்ச் தேய்ந்துபோயிருந்தது; அத்தனை இரும்பும் தொங்கி இழுத்தால் சாவி எங்கே போய்த் தொடும்? மனைவி வீட்டில் இருக்கும் வார நாட்களில் பூட்டும் இல்லை, கனமும் இல்லை. விடுதலையான கைதி மாதிரி ஆஸ்பத்திரி வாசலிலேயே இதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினேன்.

மனைவி பொறுமையாகப் பார்த்தாள்.

"சாவிதான்னு நம்புறேங்க" என்றாள். "ஆனா கார் கிளம்பாத ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உங்க மொகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சே, அது எதனால?"

மாமியாரின் ஒற்றைக் கண், என் தலைக்கு மேலிருந்த காரின் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பதில் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று, வீட்டுச் சாவிகள் என் மடியில் கிடப்பதை மறந்து, கார்ச் சாவியைத் திருகினேன். பாழாய்ப்போன கார் உடனே கிளம்பிவிட்டது.