கையில் ஒன்றுமில்லை

அவள் ஒரு தாழ்வாரத்தைக் கடப்பதற்குள் வெயில் ஜன்னல் மாறிவிடும் என்று அந்த இல்லத்துப் பெண்கள் சொல்வார்கள். அதனால்தான் அவளுக்கு மெதுவக்கா என்று பெயர் விழுந்தது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. பஞ்சர் கடை வைத்திருக்கும் அவள் கணவர் அதைவிட மோசமாகச் சொல்வார். "இவ ரோட்டைக் கடக்கறதுக்குள்ள சிக்னலுக்கே சலிச்சுப் போயிடும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

இளவயதில் அவள் ஒரு சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் இருந்தாள். படம் ஆரம்பித்தபின் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவதும் அவள் வேலைதான். வெளிச்சம் யார் முகத்திலும் படாமல் தரையை மட்டும் தடவிக்கொண்டு போகும். இருட்டில் மெதுவாக நடப்பது அங்கே ஒரு குறையாக இல்லை. படம் முடிந்து கதவைத் திறந்ததும் ஜனங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்கோ போய்த் திரும்பி வந்தவர்கள் போல வெளியேறுவார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே அவள் வாசலில் நிற்பாள். கொட்டகை மூடப்பட்டு நாற்காலி, பீரோ அடுக்கும் கிடங்காக மாறியபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த இல்லத்தில் காவலர் வேலை கிடைத்தது.

பதினெட்டு வயது ஆகாத பெண்களை நீதிமன்றம் அனுப்பிவைக்கும் பூட்டிய இல்லம் அது. ஒரு சரிவில் கட்டியிருந்தார்கள். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம் ஏறி வந்து ஜன்னல்களில் மூக்கை வைத்து உள்ளே பார்க்கும். தாழ்வாரச் சுவர்களுக்கு வெளிர்நீலம் அடித்திருந்தார்கள். மதியத்தில் அங்கே நடந்தால் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் அவள் முதல் மாதம் ஏமாந்தாள். திடீரென்று ஒரு கதவுக்குப் பின்னால் தட்டு விழும். சாக்ஸுக்குள் சோப்பைப் போட்டு முறுக்கி ஒருத்தி இன்னொருத்தியை அடித்திருப்பாள். ஏன் என்று கேட்டால், "அவ என்னை அடிக்கறதா இருந்தா" என்பாள். அடித்தாள் என்றல்ல. அடிப்பதாக இருந்தாள்.

அங்கே எல்லோரும் பயந்த பெண் ஒருத்தி இருந்தாள். தோள் அகலம், பேச்சு குறைவு. பாறை என்று கூப்பிடுவார்கள். வெகுநாளாக அங்கே இருப்பவள். எந்த மேஜையில் யார் உட்கார வேண்டும் என்பதைக் கண் அசைவிலேயே சொல்லிவிடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் புதிதாக வந்தாள். வந்த அன்றே கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வந்த வாரமே குளியலறை வாசலில் தள்ளுமுள்ளு. பாறையின் முழங்கை பட்டு மூக்குக்கண்ணாடி உடைந்தது. தெரியாமல் பட்டதா, வேண்டுமென்றே இடித்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை. உடைந்த சில்லில் ஒன்று சில நாள் கழித்து, சோதனையின்போது பாறையின் மெத்தைக் கிழிசலில் கிடைத்தது. அதற்காகப் பாறைக்குத் தண்டனை கிடைத்தது. இனி உள்ளே கண்ணாடிப் பொருள் எதுவும் கூடாது என்று உத்தரவும் வந்தது. உடையாத பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி வேண்டுமென்று இல்லத்தின் கண்காணிப்பாளர் உடனே எழுதிக் கேட்டுவிட்டார். ஆனால் அந்த விண்ணப்பம் அலுவலகம் அலுவலகமாக ஊர்சுற்றிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி போனபிறகும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அவள் அடிக்க ஆரம்பித்தாள். துண்டு எடுக்க வந்தவளை அடித்தாள். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸை அடித்தாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண் என்று நினைத்திருந்தோமே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். தாழ்வாரத்தின் கோடியில் இருந்த தனி அறைக்கு அவளை மாற்றினார்கள்.

ஒரு மதியம் மெதுவக்கா அந்த அறைக்குச் சாப்பாட்டுத் தட்டுடன் போனாள். கதவைத் திறந்து ஓரடி வைத்ததும் தட்டு பறந்தது. கன்ன எலும்பில் சுரீர் என்று ஒரு குத்து. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள், விசில் ஊதியிருப்பார்கள். மெதுவக்காவுக்கு என்ன நடந்தது என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு?" என்றாள் அந்தப் பெண், சுவரோடு ஒட்டிக்கொண்டு.

"நான்தாம்மா. சாப்பாடு கொண்டுவந்தேன். இப்ப அது செவுத்துல இருக்கு."

அந்தப் பெண் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, "எனக்குத் தெரியல. கதவுகிட்ட வெள்ளையா ஒண்ணு வந்துச்சு. கையில என்னமோ மின்னுச்சு" என்றாள்.

"ஸ்பூன்."

"எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியுதுக்கா. ஆளுங்க எல்லாம் காயப்போட்ட துணி மாதிரி இருக்காங்க. கிட்ட வந்தப்புறம்தான் மூஞ்சி தெரியுது. அதுக்குள்ள அடி விழுந்துரும். அதான் நான் முந்திக்கிறேன்."

அன்று வீட்டுக்குப் போய்க் கன்னத்தில் ஈரத்துணி வைத்துக்கொண்டு படுத்தபோது, மெதுவக்கா தன் கண்களைப் பாதி மூடிப் பார்த்தாள். விளக்கு ஒரு மஞ்சள் கறையானது. கணவர் உள்ளே வந்தார். ஒரு பழுப்பு மேகம் வந்து, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டது. குரல் வரும்வரை அது யாராகவும் இருந்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து தாழ்வாரத்தின் பாதியிலேயே அவள் குரல் கொடுக்கத் தொடங்கினாள். "நான் மெதுவக்கா வர்றேன். கையில தட்டு. சாதம்தான் இருக்கு." இன்னொரு நாள், "நான் மெதுவக்கா வர்றேன். கையில ஒண்ணுமில்ல." உள்ளே அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் காத்திருப்பாள்.

மற்றவர்கள் சும்மா விடுவார்களா? சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி மூக்கால் பேசிக்கொண்டு, "நான் வர்றேன், கையில ஒண்ணுமில்ல" என்று ஆமை போல நடந்து காட்டினாள். கூடமே சிரித்தது. பாறைகூட ஒரு நாள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "நான் பாறை வர்றேன். கையிலயும் ஒண்ணுமில்ல, வயித்துலயும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சாதம் வாங்கிக்கொண்டு போனாள். கேலி பழகிப்போய், கேலி என்பதே மறந்துபோனது. குளியலறைக்குத் திரும்பும் முடுக்கில்தான் சண்டைகள் அதிகம் நடக்கும், எதிரே வருவது யார் என்று தெரியாது என்பதால். இப்போது அங்கே ஒருத்தி திரும்புவதற்கு முன்பே அவள் குரல் முடுக்கில் திரும்பிவிட்டது. கண்காணிப்பாளர் ஒரு காலை, யாரும் இல்லை என்று நினைத்து, "நான்தான் வர்றேன், கையில ஃபைல்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனதை மெதுவக்கா கேட்டாள். ஆனால் கேட்காதது போல நின்றாள்.

சண்டைகள் நின்றுவிடவில்லை. குறைந்தன, அவ்வளவுதான். தனி அறையிலிருந்து கண்ணாடியை மறுபடியும் பொது அறைக்குக் கொண்டுவந்தார்கள். துணி மடிக்கும் வேலை கொடுத்தார்கள். அவள் கையால் தடவியே ஓரங்களைச் சேர்த்து, போர்வைகளைப் பலகை போல மடித்துவிடுவாள்.

குளிர்காலம் தொடங்கியபோது பாறைக்கு ஒரு செய்தி வந்தது. அவளுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. அதன்பின் பெரியவர்களின் சிறைக்குப் போக வேண்டும். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுக் கூடத்தில் யாரையும் பார்க்கவில்லை. மெத்தையில் இருந்த சில்லைக் காட்டிக்கொடுத்தது அந்தப் புதுப்பெண்தான் என்று யாரோ அவள் காதில் ஓதினார்கள். பெரிய சிறைக்குப் போகிறவள் ஒரு பேரோடு போனால்தான் அங்கே பிழைக்க முடியும் என்றும் ஓதினார்கள்.

ஒரு நாள் காலை பனி கொஞ்சம் விலகியிருந்தது. துணி காயப்போடும் முற்றத்தில் வரிசை வரிசையாக வெள்ளைப் போர்வைகள் தொங்கின. காற்று அவற்றை ஊதிப் பெரிதாக்கி மறுபடி விட்டது. முற்றமே மூச்சு விடுவது போலிருந்தது. கண்ணாடி நடு வரிசையில் நின்று காய்ந்தவற்றை எடுத்துக்கொண்டிருந்தாள். மெதுவக்கா கதவருகே ஸ்டூலில் இருந்தாள். போர்வைகளுக்கு அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன.

"நான் பாறை வர்றேன்" என்று ஒரு குரல் கேட்டது.

மிச்சம் வரவில்லை. போர்வைகள் உப்பின, தளர்ந்தன.

"கையில?" என்று கேட்டாள் கண்ணாடி.

காற்று முற்றத்தைச் சுற்றி வந்தது. "இருக்கு" என்றாள் பாறை.

மெதுவக்கா எழுந்தாள். விசில் கழுத்தில்தான் தொங்கியது. ஊதியிருந்தால் ஆட்கள் ஓடிவந்திருப்பார்கள், அந்தச் சத்தத்தில் பாறையின் கையும் ஓடியிருக்கும். அப்படியெல்லாம் அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அந்தக் குரல் மட்டும்தான் கேட்டது. அது மிரட்டுகிற குரலாக இல்லை.

"நான் மெதுவக்கா வர்றேன். கையில சாவிக்கொத்து. அதை இங்கேயே வெச்சுடறேன்" என்று துவைக்கும் கல்மேல் வைத்தாள். சாவி கல்லில் படும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"வராதீங்கக்கா."

"வந்துக்கிட்டுதாம்மா இருக்கேன். நான் எப்ப வந்து சேருவேன்னு உனக்கே தெரியும்."

போர்வைக்குப் பின்னால் சிரிப்புப் போல ஒரு சத்தம் வந்தது. அது பாதியில் உடைந்தது. மெதுவக்கா ஒவ்வொரு போர்வையாக விலக்கிக்கொண்டு நடந்தாள். கடைசிப் போர்வையை விலக்கியபோது பாறை நின்றிருந்தாள். கையில் சுவரில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய பிரஷ் கைப்பிடி.

"அங்க போனா என்னை அடிப்பாங்களாக்கா?"

மெதுவக்காவுக்கு இல்லை என்று சொல்ல ஆசை. "தெரியலம்மா. அடிச்சாலும் அடிப்பாங்க."

"ஒருத்தியைக் குத்திட்டு வந்தவன்னா பயப்படுவாங்கன்னு சொன்னாங்க."

"அந்தச் சில்லை நான் காட்டிக்கொடுக்கல" என்றாள் கண்ணாடி. மடித்த போர்வையை மார்போடு அணைத்திருந்தாள். "உன் மெத்தை எதுன்னே எனக்குத் தெரியாது. எனக்கு எல்லா மெத்தையும் ஒண்ணுதான்."

பாறை அவளையே பார்த்தாள். இவ்வளவு அருகில் நிற்கும் பெண்ணின் கண்கள் தன்மேல் நிற்காமல், கொஞ்சம் தள்ளிக் காற்றில் தேடுவதை அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது.

"நெஜமாவே தெரியாதாடி உனக்கு?"

"நீ எந்தப் பக்கம் நிக்கறேன்னு குரலை வெச்சுதான் சொல்றேன்."

மெதுவக்கா கையை நீட்டினாள். பாறை கொடுத்தாள். ஆனால் பிடியை விட மறந்துவிட்டாள், அல்லது கை விடவில்லை. இழுத்ததில் மெதுவக்காவின் உள்ளங்கை கிழிந்தது. "ஐயோ அக்கா" என்று பாறைதான் முதலில் பதறினாள். கண்ணாடி தான் அணைத்திருந்த சுத்தமான போர்வையை நீட்டினாள், தவறான திசையில். பாறை அதை வாங்கிக் காயத்தில் சுற்றினாள்.

விசாரணை நடந்தது. கண்காணிப்பாளர் நல்லவர், ஆனால் விதிகளோடு வாழ்பவர்.

"சாவியைக் கீழே வெச்சது தப்பு."

"ஆமா மேடம்."

"இன்னொரு தடவை இப்படி நடந்தா வெப்பீங்களா?"

மெதுவக்கா வெகுநேரம் யோசித்தாள். கண்காணிப்பாளர் அதற்குள் ஒரு டீ குடித்து முடித்தார். "தெரியல மேடம்" என்றாள் கடைசியில். அவளிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, கொஞ்ச காலத்துக்கு உள்வேலை மட்டும் கொடுத்தார்கள்.

கண்காணிப்பாளர் நீதிபதியை நேரில் பார்த்துப் பேசினார். நடந்ததை மறைக்கவில்லை. கையில் இருக்கிறது என்று பாறையே சொல்லிவிட்டுத்தான் வந்தாள் என்பதையும் விடவில்லை. பாறையைப் பெரிய சிறைக்குப் பதிலாக, வேறொரு ஊரில் இளம்பெண்களுக்கான தனிப்பிரிவுக்கு அனுப்பினார்கள். வேன் ஏறும்போது அவள் யாரிடமும் விடைபெறவில்லை. அங்கேயும் முதலில் அடி வாங்கினாள், கொடுத்தாள் என்றுதான் கேள்வி. இப்போது அங்கே சமையல்கட்டில் இருக்கிறாளாம்.

பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி ஒருவழியாக வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் மெதுவக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது? நான் உங்களை நல்ல உயரம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"வருத்தமா இருக்கா?"

"கொஞ்சம்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்தாள். சோப்பு உறை, தீயணைப்புக் கருவியின் விளக்கம், கதவில் யாரோ கீறிய வசவு. பொது அறையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "படிச்சுத்தான் தொலைவேன்னா ஒரு கதையாவது படி" என்று அலமாரியிலிருந்து ஒரு பழைய நாவலை எடுத்து அவள்மேல் எறிந்தார்கள். அட்டை போன, முதல் சில பக்கங்கள் இல்லாத நாவல். மதியங்களில் அவள் அதைப் படித்தாள். ஒரு கப்பலும், கரைக்கு வராத ஒருவனும், அவனுக்காகக் காத்திருக்கும் இரண்டு பெண்களும் அதில் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி ஏறி வந்து அறை முழுவதும் வெளுத்துவிடும். கட்டில்கள் எல்லாம் மிதப்பது போலிருக்கும். கையில் கட்டுப் போட்டிருந்த மெதுவக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு நாள் தூங்கிப்போனாள்.

நெட்டைக் காவலர் ஒருத்தி வந்து அவளை உலுக்கினாள். "டியூட்டியில தூங்கறே. இவங்க நடுவுல. உனக்கென்ன பைத்தியமா?"

மெதுவக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். கதை நின்றிருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கப்பல் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"அக்கா தூங்கிட்டாங்க, ரெண்டு பக்கம் பின்னாடி போடி" என்றாள் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்தவள். கண்ணாடி விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.