சலாம் போட்ட கொள்ளைக்காரர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயாவில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான். கேசட்டைப் பார்த்ததும் வாயிலிருந்த வடை எனக்கு இறங்கவில்லை.

நான் நடித்த படம்.

எழுபதுகளில், நான் வேலை தேடித் திரிந்த காலம். கொழும்பிலிருந்து ஒரு கோஷ்டி, கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் படம் பிடிக்க வந்தது. பொலிஸுக்குத் தப்பி மலை மலையாக ஓடும் கொள்ளைக் கூட்டத்தின் கதை. அவர்கள் கையில் காசு குறைவு. அதனால் கொள்ளைக்காரர்களும் நாங்கள்தான், துரத்துகிற பொலிஸும் நாங்கள்தான். மழைக்குப் போர்த்தும் கம்பளிதான் கொள்ளைக்காரன் உடுப்பு. மரத் துப்பாக்கி, கரி மீசை...

பெண் பார்க்கப் போன இடத்தில் இதைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மாமியார், "எங்க மாப்பிள்ள எவனுக்கும் தல குனியாதவரு. படத்துலயே கொள்ளக்காரன்" என்று வரிசை வீடுகளான அந்த லயம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். படம் வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிவிட்டதால் என் மானம் பிழைத்திருந்தது.

இப்போது? அந்த லயமே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

"வேற படம் இல்லையா மச்சான்?"

"சும்மா வெக்கப்படாதீங்க."

படம் ஓடியது. நாங்களும் ஓடினோம் — தேயிலைக்குள் பாயாமல், ஒரு கொப்பு முறியாமல், செடிகளுக்கு நடுவே நிரை பிடித்து, ஒருவர் பின் ஒருவராக. தோட்டத்தில் பிறந்தவன் பொலிஸ் சுட்டாலும் செடியை மிதிப்பானா? "செடிக்குள்ள பூந்து ஓடுங்கடா" என்று டைரக்டர் தொண்டை கிழியக் கத்தியது நல்லவேளை படத்தில் கேட்கவில்லை.

பிறகு வந்தது அந்தக் காட்சி. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், மலையில் வேலையைப் பார்வையிட வந்த எங்கள் தோட்டத்துப் பெரிய துரை தொப்பியோடு எதிரே வருகிறார். அவ்வளவுதான். ஓடிய நாங்கள் நின்றோம். தலைத்துண்டை அவிழ்த்தோம். பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சலாம் போட்டோம். துரத்தி வந்த பொலிஸும் அதே கானுக்குள் இறங்கி சலாம் போட்டது. துரை தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் ஓட, அவர்கள் துரத்த... மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லையாம். அப்படியே விட்டுவிட்டார்கள்.

இருப்பதிலேயே நன்றாகக் குனிந்திருந்தவன் அடியேன்.

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டான். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்: "என்னங்க அக்கா, உங்க மாப்பிள்ள எவனுக்கும் தல..."

மாமியார் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "தலைவருக்குக் குனியாம? அந்தத் தொப்பி போட்டவருதானே கூட்டத்துக்கே தலைவரு."

"அது தோட்டத்துத் தொரங்க அக்கா. அவருக்கும் கதைக்கும் சம்பந்தமில்ல."

"எனக்கே சொல்றியா? ஆயுசு பூரா கொழுந்து எடுத்தவ நான். கொள்ளக் கூட்டத்துக்குத் தலைவரு யாருன்னு எனக்குத் தெரியாதா?"

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மட்டும் இன்னொரு கோப்பை தேத்தண்ணி வந்தது, தட்டில் வடையோடு.

நீங்களே சொல்லுங்கள்... தலைவருக்கு சலாம் போடுவதில் கொள்ளைக்காரனுக்கு என்ன வெட்கம்?